முதலில் காணும் கண்கள்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் ஒரு கருவியைக் கண்டுபிடித்தவரின் பெயரைப் பெரிய எழுத்தில் பொறிப்பர். அக்கருவியை நாள்தோறும் கையில் ஏந்துவோரின் பெயர் எங்கோ அடிக்குறிப்பில் மறைந்துவிடும். ஸ்கேன் என்னும் சொல் இன்று நம் சிற்றூர்களிலும் வழங்குகிறது. ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று மாமியார் கேட்பதும் மருமகள் விடை சொல்வதும் வீட்டுப் பேச்சாகிவிட்டன. ஆயினும் அந்த இருண்ட அறையில் அமர்ந்து திரையை நோக்குபவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இப்பணியைச் செய்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர். சோனோகிராபர் எனப்படும் தனிப் பயிற்சி பெற்ற ஊழியர்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஒரு குழந்தையை இவ்வுலகில் முதன்முதலாகக் காண்பவர் தாயும் அல்லர், தந்தையும் அல்லர், அவரே. இத்தொழில் எங்ஙனம் பிறந்தது, அதன் தோள்மீது எத்தகைய சுமை ஏறிற்று என்பதைச் சற்று நின்று நோக்குவோம்.

கருப்பை நெடுங்காலம் மூடிய அறையாகவே இருந்தது. தாய் மட்டுமே உள்ளிருந்து செய்தி அறிந்தாள். எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியதை லூக்கா நற்செய்தியாளர் எழுதிவைத்தார். அதனை அறிந்தவள் எலிசபெத்து ஒருத்தியே. மருத்துவச்சியின் கை வெளியிலிருந்து தடவித் தலை எது, கால் எது என்று கணித்தது. 1820களில் பிரான்சு நாட்டு மருத்துவர் கெர்காரடெக், லெனெக் என்பார் கண்டுபிடித்த ஸ்டெதாஸ்கோப்பைக் கருவுற்ற பெண்ணின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு அறிவித்தார். காது அறிந்தது, கண் அறியவில்லை. 1895இல் எக்ஸ் கதிர் வந்தபின் எலும்புகள் தெரிந்தன. ஆனால் அந்த ஒளிக்கு ஒரு விலை இருந்தது என்பது பின்னரே தெரிய வந்தது.

மீயொலியின் கதை போர்க்களத்திலும் தொழிற்சாலையிலும் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் ஒலியைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைக் கேட்டார். பின்னர் அதே முறையால் இரும்புத் தகடுகளுக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறியும் கருவிகள் தோன்றின. கப்பல் கட்டும் துறைகளும் கொதிகலன் ஆலைகளும் நிறைந்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இக்கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

அந்நகரைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழில் வளம் மிக்க கிளாஸ்கோவின் ஏழைத் தெருக்களில், வெயில் படாத நெருக்கமான குடியிருப்புகளில், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் பெண்களை வாட்டியது. இடுப்பெலும்பு சுருங்கிய தாய்மாருக்குப் பிள்ளைப்பேறு மரணப் போராட்டமாயிற்று. 1888இல் அந்நகரின் ராட்டன்ரோ மகப்பேறு மருத்துவமனையில் மர்டாக் கேமரன் என்னும் மருத்துவர், ரிக்கெட்ஸால் உடல் குறுகிய ஒரு பெண்ணுக்கு நவீன முறையில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்ததும் அதனால்தான். குழந்தையின் தலை எவ்வளவு, தாயின் இடுப்பு எவ்வளவு என்னும் கேள்வி அவ்வூர் மருத்துவர்களுக்கு ஏட்டுக் கேள்வியன்று. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அத்தெருக்களில் ஏராளம் என்பதும் நம் வாசகர்கள் அறிய வேண்டியதே.

1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. நோயுற்றோர் பணம் செலுத்தாமல், வரிப் பணத்தில் சிகிச்சை பெறும் ஏற்பாடு அது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1954இல், இயான் டொனால்டு என்பவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப் போரில் அரச விமானப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து, குண்டுகள் இன்னும் உள்ளிருக்கும்போதே, வீரர்களை மீட்டமைக்காக விருது பெற்றவர். ராடார் முதலிய கருவிகளோடு அங்கே பழகியதால் இயந்திரங்களின்மீது தீராத ஆவல் கொண்டிருந்தார். உடன் பணிபுரிந்தோர் அவரைக் கிறுக்கர் என்று கேலி செய்ததும் உண்டு.

1955 ஜூலை 21ஆம் நாள் டொனால்டு ஒரு விந்தையான பயணம் மேற்கொண்டார். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ ஊரிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குச் சென்றார். உலோகத்தைச் சோதிக்கும் கருவியால் சதையைச் சோதிக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆலையினர் பெரியதொரு மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தனராம். கெட்டியான கட்டி ஒருவகையாகவும் நீர் நிறைந்த கட்டி வேறுவகையாகவும் எதிரொலித்தன. டொனால்டு மகிழ்ந்தார். கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் என்ன நினைத்தனரோ, அது எழுதப்படவில்லை.

அடுத்த ஆண்டு டாம் பிரௌன் என்னும் இளம் பொறியாளர் இதில் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 23. கெல்வின் அண்டு ஹியூஸ் நிறுவனத்தின் ஊழியர். தம் நிறுவனத்தின் உலோகச் சோதனைக் கருவியை ஒரு பேராசிரியர் மனிதர்மீது பயன்படுத்துகிறார் என்று தற்செயலாகக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைத்தார். வரச் சொன்னார்கள், சென்றார். வெறும் கோடுகளாகத் துள்ளும் எதிரொலியைப் படமாக மாற்றும் கருவியை 1957இல் அவர் உருவாக்கினார். நோயாளியின் உணவுத் தட்டை வைக்கும் கட்டில் மேசையே அதற்குச் சட்டமாயிற்று. டொனால்டின் உதவி மருத்துவர் ஜான் மாக்விக்கர் மூன்றாமவர்.

கட்டியைக் கையால் தடவியே சொல்லிவிடலாமே, இயந்திரம் எதற்கு என்று பிறர் நகைத்த காலம் அது. அப்போது ஒரு பெண்ணை அவர்களிடம் காட்டினர். வயிறு பெருத்து, உடல் மெலிந்து, குணப்படுத்த இயலாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டவர். வயிற்றில் தேங்கியது நோயால் ஊறிய நீர் என்றே மருத்துவர்கள் நம்பினர். கருவியில் தெரிந்ததோ தெளிவான விளிம்புடைய பெரும் நீர்க்கட்டி. அறுவை செய்து அகற்றினர், புற்று அன்று. அப்பெண் பிழைத்தார். கேலிப் பேச்சு அடங்குவதற்கு அந்த ஒரு நிகழ்ச்சி போதுமானதாயிற்று. 1958 ஜூன் 7ஆம் நாள் 'லான்செட்' இதழில் மூவரின் பெயரிலும் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

அதே ஜூன் மாத இறுதியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் மற்றொரு கட்டுரை வெளிவந்ததை இங்கு இணைத்துப் பார்க்கிறோம். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் அம்மையாரும் துணைவர்களும் எழுதியது. கருவுற்றிருக்கையில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அவர்கள் கண்டிருந்தனர். அதனை மருத்துவ உலகம் முழுமனதாக ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. ஒரு கதவு மூடப்பட வேண்டிய வேளையில் மற்றொரு கதவு திறந்திருந்தது. இதனை இறைவனின் ஏற்பாடு என்று சொல்வோரோடு நாம் வாதிட மாட்டோம்.

ஆனால் இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் ஈர்ப்பவர் டொனால்டும் அல்லர், பிரௌனும் அல்லர். சிஸ்டர் மார் என்னும் வார்டுத் தலைமைச் செவிலியர். (துறவற சபைச் சகோதரி அல்லர், நம் அரசு மருத்துவமனைகளில் நர்சம்மாவைச் சிஸ்டர் என்று விளிக்கும் வழக்கம் அந்நாட்டிலிருந்து வந்ததே.) பேராசிரியர் வார்டைச் சுற்றி வரும்போது வயிற்றைத் தடவி, குழந்தையின் தலை எப்பக்கம் இருக்கிறது என்று கேட்பார். அவர் வருமுன்பே சிஸ்டர் மார் அந்த உலோகச் சோதனைக் கருவியை எடுத்து, ஒவ்வொரு தாயின் வயிற்றிலும் வைத்து, தலையின் எதிரொலியைப் பார்த்து இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வாராம். பேராசிரியரிடம் தவறான விடை சொல்லி நாணிவிடக் கூடாதல்லவா! இது தெரியவந்தபோது டொனால்டு சினங்கொள்ளவில்லை. மாறாக, தலையின் எதிரொலி அத்துணைத் தெளிவாகக் கிடைக்குமானால் தலையை அளக்கவும் முடியுமே என்று எண்ணினார். சுருங்கிய இடுப்புகளின் ஊரில் அந்த எண்ணத்தின் மதிப்பு எத்தகையது என்பதை முன்பே கூறினோம். ஜேம்ஸ் வில்லக்ஸ், ஸ்டூவர்ட் கேம்பெல் முதலியோர் அந்த அளவீட்டை வளர்த்தனர். ஹியூ ராபின்சன் 1970களின் தொடக்கத்தில் ஏழு வாரக் கருவின் இதயத் துடிப்பைக் காட்டினார், கருவின் நீளத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையையும் வகுத்தார். இவர்கள் யாவரும் மருத்துவர்கள். ஆனால் பணிக்கடமையின் நடுவே, யாரும் ஏவாமல், கருவியைத் தாயின் வயிற்றில் வைத்துக் குழந்தையைத் தேடிய அந்தச் செவிலியரையே சோனோகிராபர்களின் முன்னோடி என நாம் கருதுகிறோம்.

1964இல் கிளாஸ்கோவின் யார்க்ஹில் பகுதியில் குயின் மதர்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அது வரையிலும் மீயொலி ஓர் ஆய்வுப் பொருள். அங்கே அன்றாடப் பணியாயிற்று. மருத்துவர்கள் ஒரு சிலர். வரும் தாய்மாரோ ஆயிரக்கணக்கானோர். எனவே 1970களில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர்களும் மருத்துவச்சிகளும் இப்பணிக்குள் வந்தனர். 1970களின் இறுதியிலும் 80களிலும் அசையும் படம் காட்டும் கருவிகள் பெருகியபின் இத்தொழில் தனி உருவம் பெற்றது. அமெரிக்காவில் சோனோகிராபர் படங்களை எடுத்து வைப்பார், மருத்துவர் பார்த்து அறிக்கை எழுதுவார். பிரிட்டனில் வழக்கம் வேறு: படம் எடுத்தவரே அறிக்கையும் எழுதிக் கையொப்பமிடுகிறார். பார்த்ததற்கும் சொன்னதற்கும் பொறுப்பு அவருடையதே. இருந்தும் சோனோகிராபர் என்னும் பெயருக்கு அந்நாட்டில் தனிச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ரேடியோகிராபர் என்றோ மருத்துவச்சி என்றோதான் பெரும்பாலோர் பதிவு பெற்றுள்ளனர். அரசு இயந்திரம் எந்த நாட்டிலும் மெதுவாகவே நகரும் போலும்.

இப்பணி எளிதன்று. புரோப் எனப்படும் கைக்கருவியினுள் இருக்கும் படிகம், நம் காது கேட்கும் எல்லையாகிய நொடிக்கு 20,000 அதிர்வுகளைப் பன்மடங்கு கடந்து, பல இலட்சம் அதிர்வுகளில் ஒலியை அனுப்புகிறது. சதைக்குள் அவ்வொலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் விரைகிறது; திசு மாறுமிடத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இயந்திரம் ஆழத்தைக் கணிக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயைப் போல ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் படமும் வந்து விடுவதில்லை. கை எங்கே சாய்கிறதோ அங்கேதான் படம். குழந்தையோ திரும்பும், புரளும், முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தாயை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்; மறுபுறம் படுக்கச் சொல்ல வேண்டும். கருவின் தொடக்க வாரங்களில் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் ஒலிக்கு அது சன்னலாகும் என்று கண்டதும் டொனால்டின் குழுவினரே. ஆகவே தண்ணீர் குடித்து நெளிந்துகொண்டு காத்திருக்கும் தாய்மார் வரிசை அவர்களால் வந்தது! உடல் பருத்த தாயரின் வயிற்றில் ஒலி மங்கிவிடும். காட்சி தெளிவாக இல்லை என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். தாயின் மனம் புண்படாமல் அதை வாயாலும் சொல்லியாக வேண்டும்.

தோளும் மணிக்கட்டும் வலிக்கும். கையை நீட்டி, உடலைத் திருப்பி, கண்ணைத் திரையில் பதித்து, மறு கையால் விசைகளை இயக்கி நாள் முழுதும் அமர்வதால் இத்தொழிலில் உள்ளோர் மிகப் பெரும்பான்மையோர் வலியோடு உழைக்கின்றனர் என்பது பலமுறை கண்டறியப்பட்டது. வலி முற்றி இடைவயதிலேயே தொழிலை விடுவோரும் உண்டு. ஆட்குறைவோ நெடுங்காலத்துத் துயரம். ஒருவர் விலகினால் அவருடைய பட்டியலும் மற்றவரின் பட்டியலோடு சேர்கிறது. பொது மருத்துவப் பணி என்பது எவரையும் வாசலில் திருப்பி அனுப்பாத பணி. அந்த அறத்தின் எடை முழுதும் இறங்குவது இத்தகையோரின் தோள்பட்டையில்தான்.

ஆயினும் உடல் வலி பெரிதன்று, முகம் பெரிது. கட்டிலில் படுத்திருக்கும் தாய்க்குத் திரையில் தெரியும் சாம்பல் நிழல்கள் புரிவதில்லை. ஆகவே அவள் திரையைப் பார்ப்பதைவிடச் சோனோகிராபரின் முகத்தையே பார்க்கிறாள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினால் அவள் நெஞ்சு துணுக்குறுகிறது. பலவேளைகளில் அந்த மௌனம் வெறும் கவனமே. சிற்றிதயத்தின் நான்கு அறைகளை எண்ணும்போது எவரும் உரையாட முடியாது. சிலவேளைகளில் அது கவனம் அன்று. துடிக்க வேண்டிய இடத்தில் துடிப்பில்லை. அந்த நொடியில் இவ்வுலகில் அச்செய்தியை அறிந்தவர் அவர் ஒருவரே. அடுத்த நிமிடத்தில் அதனைச் சொல்ல வேண்டியவரும் அவரே. சொல்லி முடித்து, அறையைத் துடைத்து, ஜெல் குப்பியை நிரப்பி, அடுத்த தாயைப் புன்னகையோடு அழைக்கவும் வேண்டும்.

இதற்கு முன்னாளில் பயிற்சி எதுவும் இல்லை. மருத்துவர் வந்து சொல்வார் என்று கூறிவிட்டு வெளியேறுவதே வழக்கமாயிருந்தது; மருத்துவர் வரும்வரை அத்தாய் அரைமணியோ ஒருமணியோ தனியே நடுங்கிக்கொண்டிருப்பாள். 2020இல்தான், எதிர்பாராத செய்தியைத் தாயிடம் எவ்வாறு சொல்வது என்பதற்கான வழிமுறைகள் பிரிட்டனில் ஒருமித்து வகுக்கப்பட்டன. அதே ஆண்டில் கொரோனா பரவியது. கணவரை உள்ளே அனுமதிக்கக் கூடாது என்று பல மருத்துவமனைகள் விதித்தன. தந்தையானவர் வெளியே காரில் காத்திருக்க, முகக்கவசத்திற்கு மேலே தெரியும் இரு கண்களை மட்டுமே அத்தாய் படித்தாள்.

இனி, மனச்சான்றைப் பற்றி. இதனைத் தவிர்த்துவிட்டு இவ்வரலாற்றை நம் ஏட்டில் எழுதுவது முறையாகாது. டொனால்டு ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர், ஆங்கிலிக்கன் மரபினர். 1967இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர். கருவில் அசையும் குழந்தையின் படங்களைத் தம் உரைகளில் காட்டினார். கண்டால் மனம் மாறும் என்பது அவருடைய நம்பிக்கை. கலைக்க வந்த பெண்களுக்கும் அவர் அப்படத்தைக் காட்டியதுண்டு. அது கொடுமை என்று கண்டித்தோரும் உண்டு. அவரை எல்லா வகையிலும் நம் திருச்சபையின் போதனையோடு ஒத்தவர் என்று உரிமை கொண்டாடுவது நேர்மையன்று. ஆனால் மூடிய அறையின் கதவைத் திறந்தவர், உள்ளே இருப்பது ஒரு பொருள் அன்று, ஓர் ஆள் என்று கண்டு வியந்தார் என்பதில் ஐயமில்லை.

அதே கதவின் வழியே வேறொன்றும் நுழைந்தது. டொனால்டிடம் கிளாஸ்கோவில் பணிபுரிந்து பின்னர் லண்டன் சென்ற ஸ்டூவர்ட் கேம்பெல், 1972இல் ஒரு செய்தியை வெளியிட்டார். மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாகாத குழந்தையைப் பதினேழாம் வாரத்திலேயே மீயொலியால் கண்டறிந்தார், அக்கர்ப்பம் கலைக்கப்பட்டது. முதுகெலும்புப் பிளவும் பிறவும் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. குழந்தையின் மாண்பைக் காட்டும் என்று ஒருவர் நம்பிய கருவி, குழந்தையின் குறையைக் காட்டும் கருவியாகவும் ஆயிற்று. இரண்டையும் பிரிக்க இயலாது. ஏனெனில் இரண்டும் ஒரே படம்.

1987 பிப்ரவரி 22 எனத் தேதியிட்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 'உயிரின் கொடை' என்னும் அறிவுறுத்தலை வெளியிட்டது. கருவிலுள்ள குழந்தையின் உயிரையும் முழுமையையும் மதித்து, அதனைக் காக்கவும் குணப்படுத்தவும் செய்யப்படும் சோதனை ஏற்கத்தக்கது என்று அது தெளிவாகச் சொல்கிறது. குறை தெரிந்தால் கலைத்துவிடலாம் என்னும் எண்ணத்தோடு செய்வது பெருந்தவறு என்றும், சோதனையைக் கருக்கலைப்போடு வேண்டுமென்றே இணைத்துவிடும் நிபுணரும் அத்தவறில் பங்காளி என்றும் கூறுகிறது. நான்கு மாதங்கள் கழித்து, ஜூன் 19ஆம் நாள், டொனால்டு காலமானார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தம் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலிலும் இதே போதனையை வலியுறுத்தினார்.

போதனை தெளிவு, இருண்ட அறையில் அமர்ந்திருக்கும் கத்தோலிக்கச் சோனோகிராபரின் நிலையோ அத்துணை எளிதன்று. கண்டதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. மறைத்தால் அது பொய். தாய் நம்பி வந்திருக்கிறாள். மேலும், அவர் கண்டு சொல்வதாலேயே எத்தனையோ குழந்தைகள் பிழைக்கின்றன. இதயத்தின் பெரு நாளங்கள் இடம் மாறியிருப்பது முன்பே தெரிந்தால், இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனையில் பிள்ளைப்பேறு நடக்கும். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது தெரிந்தால் தாயும் சேயும் இரத்தப்பெருக்கிலிருந்து காக்கப்படுவர். ஆனால் அதே கையொப்பமிட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு மற்றொரு தாய் அடுத்த அறைக்குச் செல்கிறாள். அங்கே என்ன முடிவாயிற்று என்பது பெரும்பாலும் இவர் காதுக்கு எட்டுவதே இல்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின் பொருட்டு விலகும் உரிமையை அளித்தது. கிளாஸ்கோவிலேயே அரசு மருத்துவமனையில் பணிபுரிந்த இரு கத்தோலிக்க மருத்துவச்சிகள், கருக்கலைப்பில் ஈடுபடும் ஊழியரை மேற்பார்வையிடும் பணியிலிருந்தும் விலக்குக் கோரி வழக்காடினர். 2014 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: கையால் நேரடியாகப் பங்கேற்பதற்கு மட்டுமே அவ்வுரிமை பொருந்துமாம். அப்பொருளின்படி, பார்த்து எழுதும் பணி அவ்வுரிமைக்குள் அடங்காது என்றே நமக்குத் தோன்றுகிறது. இத்தகையோருக்காகத் திருப்பலியில் நாம் மன்றாடுவதுண்டா?

நம் நாட்டில் வரலாறு வேறு வழியில் சென்றது. இங்கே அக்கருவி பெரும்பாலும் தனியார் கைகளில் விரைந்து பரவியது. குறையைத் தேடுவதைவிடப் பெண்ணைத் தேடுவதற்கே பயன்பட்டது. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைச் செய்திகள் நாட்டை உலுக்கியதும், 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் நம் நினைவில் உள்ளன. பிறந்தபின் நடந்த கொடுமை பிறக்குமுன் நடப்பதற்கு இயந்திரம் வசதி செய்து தந்தது. 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தனர், 2001இல் 942, 2011இல் 943.

இச்சட்டத்தின்படி உரிய தகுதி பெற்ற மருத்துவரே கருவுற்ற தாய்க்கு ஸ்கேன் செய்யலாம். ஒவ்வொரு தாய்க்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். ஆகவே பிரிட்டனில் உள்ளதுபோல் சோனோகிராபர் என்னும் தொழில் மகப்பேற்றுத் துறையில் இங்கே வேரூன்றவில்லை. ஆனால் இச்சட்டத்தில் ஒரு விதி நம்மை வியக்க வைக்கிறது. கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறெந்த வகையாலோ தாய்க்கும் உறவினருக்கும் தெரிவிக்கக் கூடாது என்கிறது அது. லட்டு என்றும் ஜிலேபி என்றும் இனிப்பின் பெயரால் குறிப்புக் காட்டியோர் இருந்தமையால் இப்படியும் எழுத வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்பவரின் முகத்தைத் தாயும் உறவினரும் படிக்கிறார்கள் என்பதை அறிந்து, முகத்திற்கே சட்டம் எழுதிய நாடு நம்முடையது.

அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறை வாசலில் அந்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது. வெளியே பெஞ்சில் தாய்மார் தண்ணீர்ப் பாட்டிலோடு காத்திருக்கிறார்கள். உள்ளே சென்றவள் திரை தன் பக்கம் திரும்பாததைப் பார்க்கிறாள், பின்பு மருத்துவரின் முகத்தைப் பார்த்து, "பிள்ளை நல்லா இருக்கா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்கிறாள்.